ஒரு சிறு வினையின் பெருங்குடும்பம்

ஆங்கில மொழியில் அருஞ்சொற்கள் எவை என்று கேட்டால், நம் மாணவர் பலர் நீண்ட சொற்களையே எடுத்துக் காட்டுவர். இலத்தீனத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த நாலசைச் சொற்களையும் ஐந்தசைச் சொற்களையும் கண்டால் அவர்கள் அஞ்சுவர், அகராதியைப் புரட்டுவர், பொருளை ஏட்டில் எழுதி நெட்டுருச் செய்வர். ஆயின், அத்தகைய சொற்கள் கற்பவரைப் பெரிதும் வருத்துவன அல்ல. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்களே உண்டு. ஒருமுறை நன்கு கற்றுவிட்டால் அது நம்மைக் கைவிடுவதில்லை. கற்பவரைத் திகைக்க வைப்பன, ஆங்கிலக் குழந்தைகள் மழலைப் பருவத்திலேயே வழங்கும் சின்னஞ்சிறு வினைச்சொற்களே ஆகும். 'கெட்', 'புட்', 'செட்', 'கோ', 'கம்', 'டேக்' என்பன அவற்றுட் சில. இவற்றுள் 'டேக்' என்னும் ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் குடும்பம் எத்துணைப் பெரிது, அக்குடும்பத்தோடு பழகும் வழி யாது என்று இங்கே ஆராய்வோம்.

'டேக்' என்பதற்கு 'எடு' என்றும் 'கொள்' என்றும் பொருள் என நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே கற்றுவிடுகின்றனர். ஆனால் 'டேக் ஆஃப்டர்' என்றால் ஒரு பிள்ளை தன் தாயையோ தந்தையையோ ஒத்திருத்தல் என்பது பொருள். 'டேக் டு' என்றால் ஒன்றை விரும்பத் தொடங்குதல். 'டேக் இன்' என்றால், இடத்திற்கேற்ப, ஏமாற்றுதல் என்றும் பொருள்படும். இங்கெல்லாம் எடுத்தல் எங்கே? கொள்ளுதல் எங்கே? வினையைத் தனியே அறிவோம். 'இன்', 'டு' என்னும் இடைச்சொல்லையும் தனியே அறிவோம். இரண்டும் கூடியபோது தோன்றும் பொருளை மட்டும் அறியோம்.

இஃது இலக்கண வேடிக்கை என்று விட்டுவிடத் தக்கதன்று. தமிழ்வழிப் பயின்ற மாணவர் ஒருவர் கல்லூரியில் சேர்கிறார். ஆசிரியர் 'டேக் திஸ் டவுன்' என்கிறார். எதனைக் கீழே எடுத்து வைப்பது என்று மாணவர் விழிக்கிறார். சொன்னதை எழுதிக்கொள்க என்பதே ஆசிரியர் கருத்து. இங்கே இழப்பு ஒரு பக்கக் குறிப்போடு போயிற்று. கடல் கடந்து பணிபுரியச் செல்லும் செவிலியர் ஒருவரிடம் மருத்துவர், நோயாளியை ஒரு மருந்திலிருந்து 'டேக் ஆஃப்' செய்யுமாறு கூறினால், அம்மருந்தை நிறுத்திவிடுக என்பது கட்டளை. 'டேக்' என்னும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, மருந்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னார் என்று கொண்டால் விளைவு யாதாகும்? ஓர் இடைச்சொல்லின் பிழை உயிருக்கே ஊறாய் முடியலாம்.

மற்றோர் இழப்பும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. பாட நூலைப் பிழையறப் படிக்கவல்ல இளைஞர், இருவர் பேசிக்கொள்ளும் எளிய ஆங்கிலம் விளங்காதபோது, 'எனக்கு இம்மொழி வராது' என்று தமக்குத் தாமே தீர்ப்பளித்துக்கொள்கிறார். பிறகு வாய் திறக்கவே நாணுகிறார். குறை அவர் அறிவில் இல்லை. அவர் கற்ற முறையிலேயே உள்ளது.

இவ்வல்லல் நமக்கு மட்டும் உரியதன்று. 1755-ஆம் ஆண்டு தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், நாற்பதாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் வரைந்தவர். அவ்வகராதியில் 'டேக்' என்னும் ஒரு வினைக்கு மட்டும் அவர் 134 பொருள்களை வகுத்துக் காட்டினார். வினையும் இடைச்சொல்லும் கூடிப் புதுப்பொருள் தரும் இயல்பு ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயல்மொழியாளருக்குப் பெருந்துன்பம் தருவது அதுவே என்றும் அவர் தம் முன்னுரையில் உணர்த்தியுள்ளார். இத்தொடர்களுக்கு இன்று வழங்கும் 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரை, 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தம் நூலொன்றில் எடுத்தாண்டார்; ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி அப்பெயரைத் தமக்குச் சொன்னதாகவும் குறித்தார். நாம் இவற்றைக் கூட்டுவினைகள் என்று அழைப்போம்.

இனி, 'டேக்' என்னும் சொல்லின் பிறப்பைச் சிறிது காண்போம். ஆங்கிலத்தின் உயிர்ச்சொல் போல் விளங்கும் இது, பிறப்பால் ஆங்கிலச் சொல்லே அன்று. பழைய ஆங்கிலத்தில் 'கொள்' என்னும் பொருளில் வழங்கிய வினை 'நிமன்' என்பது. இன்றைய ஜெர்மன் மொழியின் 'நேமென்' அதன் உடன்பிறப்பு. ஒன்பதாம் நூற்றாண்டில் வடகடல் கடந்து வந்த ஸ்காண்டிநேவியர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர்தம் மொழியின் 'டாக' என்னும் வினை ஆங்கிலேயர் நாவிலும் ஏறிற்று. காலப்போக்கில் வந்த சொல் வளர்ந்தது. இருந்த சொல் தேய்ந்தது. சுறுசுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்' என்பதும், மரத்துப்போதலைக் குறிக்கும் 'நம்' என்பதும் அப்பழைய 'நிமன்' விட்டுச் சென்ற எச்சங்கள். பற்றுதலில் விரைவுடையது 'நிம்பிள்'. உணர்வு பற்றிக்கொள்ளப்பட்டது 'நம்'. இவ்வாறு விருந்தாய் வந்த 'டேக்' வீட்டுக்கே தலைமை பூண்டது.

பழைய ஆங்கிலம் வினையின் பொருளை வேறுபடுத்த, பெரும்பாலும் அடைச்சொல்லை வினைக்கு முன்னே ஒட்டிற்று. பிற்காலத்தில் அவ்வழக்கம் தளர்ந்து, அடைச்சொல் வினைக்குப் பின்னே வந்து நிற்கத் தொடங்கிற்று. முன்வைத்தலின் சுவடு சில சொற்களில் இன்றும் உண்டு. 'ஓவர்டேக்' என்றால் முந்திச் செல்லுதல். 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுதல். முன்னது சாலையில் ஓடும் வண்டிக்கு உரியது. பின்னது தொழிற்சாலையை வாங்குபவருக்கும் புதிதாய்ப் பதவி ஏற்பவருக்கும் உரியது. உறுப்புகள் இரண்டும் ஒன்றே. வரிசை மாறியதால் பொருள் மாறிற்று.

இவ்விடத்தில் தமிழர் மனம் மகிழ்தற்குரிய செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலம் 'டேக்' என்பதைக் கொண்டு செய்யும் வேலையை, நம் தமிழ் 'கொள்' என்பதைக் கொண்டு நெடுங்காலமாகச் செய்து வருகிறது. உணவை உட்கொள்கிறோம். பணியை மேற்கொள்கிறோம். விருந்தினரை எதிர்கொள்கிறோம். நல்லொழுக்கத்தைக் கைக்கொள்கிறோம். அடியவரை இறைவன் ஆட்கொள்கிறான் என்கிறோம். 'கொள்' என்பதன் நேர்ப்பொருளை மட்டும் அறிந்த அயலார் ஒருவர் இவற்றைக் கேட்டால், நாம் 'டேக் இன்' முன்னே மயங்குவது போலவே மயங்குவார். 'எடு' என்னும் வினையோ இன்னும் வியப்புடையது. அரசன் படையெடுக்கிறான், குழந்தைக்குப் பசியெடுக்கிறது, ஊரார் விழா எடுக்கின்றனர். சிலப்பதிகாரத்தில் 'இந்திரவிழவூரெடுத்த காதை' என்று ஒரு காதைக்கே பெயர் உண்டு. பசியை யார் எடுத்தார், எங்கிருந்து எடுத்தார் என்று நாம் கேட்பதில்லை. சொற்களைப் பிரித்து எடை போடாமல், தொடரை முழுமையாகவே உணர்கிறோம். ஆங்கிலக் குழந்தையும் 'டேக்' தொடர்களை அவ்வாறே உணர்கிறது. ஆதலின், கூட்டுவினை என்பது நம் அறிவுக்குப் புறம்பான பொருளன்று. தமிழ் அடைச்சொல்லை முன்னே வைக்கிறது. ஆங்கிலம் பின்னே வைக்கிறது. 'பணியை மேற்கொள்ளுதல்' என்பதை ஆங்கிலம் 'டேக் ஆன்' என்கிறது. 'மேல்' என்பதும் 'ஆன்' என்பதும் ஒரே காட்சியைத்தான் காட்டுகின்றன: சுமையை ஏற்றுத் தோள்மேல் வைத்துக்கொள்ளும் காட்சி அது.

காட்சி என்று சொன்னேன். கூட்டுவினைகளின் உட்பொருளை அறிவதற்கு அதுவே திறவுகோல். இடைச்சொல் ஒவ்வொன்றும் கண்ணால் காணத்தக்க ஒரு நிலையையோ அசைவையோ முதலில் குறித்தது. பின்னர் அது மனத்தின் செயல்களுக்கும் ஏறிற்று.

'ஆஃப்' என்பது ஒட்டியிருந்தது பிரிதலைக் குறிக்கும். சட்டையைக் கழற்றுதல் 'டேக் ஆஃப்'. இங்கே சட்டை உடலை விட்டுப் பிரிகிறது. வானூர்தி கிளம்புதலும் 'டேக் ஆஃப்'. இங்கே ஊர்தி தரையை விட்டுப் பிரிகிறது. வானூர்தி தோன்றுமுன்னரே, தாண்டிக் குதிப்பவர் தரையை விட்டு எழும்புதலை அத்தொடர் குறித்து வந்தது. ஊர்தி பிறந்ததும் பழைய சொல் புதிய பொருளுக்கு உதவிற்று. பின்னர் 1960-இல் ரோஸ்டோ என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர், ஒரு நாட்டின் பொருளாதாரம் தானே வளரும் ஆற்றல் பெற்று மேலெழும் கட்டத்தையும் 'டேக் ஆஃப்' என்றே வழங்கினார். வேலையிலிருந்து ஒரு நாள் விலகி ஓய்வு கொள்ளுதலும், விலையில் ஒரு பகுதியைக் குறைத்தலும் அதே தொடர்தான். பிரிதல் என்னும் ஒரு காட்சியை மனத்தில் நிறுத்தினால் இத்தனையும் ஒரு நூலில் கோத்த மணிகளாகும். ஒருவரைப் போல நடித்துக் காட்டுதல் என்னும் பொருளொன்றும் இதற்கு உண்டு. அதனை மட்டும் தனியே நினைவில் வைத்தல் வேண்டும்.

'இன்' என்பது உள்ளே புகுதல். வீடற்றவரை வீட்டினுள் ஏற்றுக்கொள்ளுதல் 'டேக் இன்'. சொன்னதை மனத்தினுள் வாங்கிக்கொள்ளுதலும் 'டேக் இன்'. தையற்காரர் அகன்ற ஆடையை உட்பக்கம் பிடித்துச் சிறிதாக்குதலும் 'டேக் இன்'. ஏமாற்றுதல் என்னும் பொருளையும் இக்காட்சியோடு இணைத்து நினைவில் வைக்கலாம்: ஒருவரைத் தன் வலையினுள் இழுத்துக்கொள்ளுதலே அது. இப்பொருளில் அத்தொடர் பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வரும். 'ஐ வாஸ் டேக்கன் இன்' என்றால், 'நான் ஏமாற்றப்பட்டேன்' என்பதாம்.

'அப்' என்பது மேலே எழுதல். கீழே கிடந்ததைக் கையில் எடுத்துத் தொழிலைத் தொடங்குதல் போல, புதிதாக ஒரு கலையையோ பழக்கத்தையோ தொடங்குதல் 'டேக் அப்'. வீணை பயிலத் தொடங்குபவர் அதனை 'டேக் அப்' செய்கிறார். இடத்தையோ காலத்தையோ அடைத்துக்கொள்ளுதலும் இத்தொடரே. 'டவுன்' என்பது கீழ்நோக்கிய அசைவு. சுவரில் மாட்டிய படத்தை இறக்குதலும், பேசுவார் சொல்லைத் தாளில் இறக்குதலும் 'டேக் டவுன்'. 'பேக்' என்பது திரும்புதல். கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தலும், சொல்லிய சொல்லைத் திரும்பப் பெறுதலும் 'டேக் பேக்'.

இனி, இலக்கண நுட்பம் ஒன்று. 'தொப்பியைக் கழற்று' என்பதை 'டேக் ஆஃப் த ஹேட்' எனலாம்; 'டேக் த ஹேட் ஆஃப்' எனலும் ஆம். பெயர்ச்சொல் இடைச்சொல்லுக்குப் பின்னும் நிற்கும், முன்னும் நிற்கும். ஆயின், 'தொப்பி' என்பதற்குப் பதிலாக 'அது' என்னும் சுட்டுப்பெயர் வந்தால், 'டேக் இட் ஆஃப்' என்று நடுவிலேதான் வரவேண்டும். 'டேக் ஆஃப் இட்' என்பது வழு. நம்மவர் எழுத்தில் அடிக்கடி காணும் வழுக்களுள் இதுவும் ஒன்று.

எல்லாத் தொடர்களும் இவ்விதிக்கு அடங்குவன அல்ல. 'டேக் ஆஃப்டர்' என்பதையும் 'டேக் டு' என்பதையும் பிரிக்கலாகாது. 'ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்' என்பதே முறை. 'ஹிம்' நடுவில் புகாது. பிரிவது எது, பிரியாதது எது என்று அறிய, செவியே ஓரளவு துணை செய்யும். 'டேக் இட் ஆஃப்' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது, 'ஆஃப்' என்பது அழுத்தம் பெற்று எடுப்பாக ஒலிக்கும். 'ஹி டுக் டு மியூசிக்' என்னும்போதோ, நடுவிலுள்ள 'டு' தேய்ந்து, கேட்டும் கேளாததுபோல் ஒலிக்கும். அழுத்தம் பெறும் இடைச்சொல் வினையை விட்டு விலகி நிற்க வல்லது. தேய்ந்து ஒலிப்பது பின்வரும் பெயரோடு ஒட்டிக்கொள்வது. நூலை மட்டும் படிப்பவர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது; காது கொடுத்துக் கேட்பவர்க்கே புலப்படும்.

கூட்டுவினைகளுக்கு அப்பால், 'டேக்' பெயர்ச்சொற்களோடு கூடி மரபுத்தொடர்களையும் ஆக்கும். 'டேக் பிளேஸ்' என்றால் நிகழ்தல். இடத்தை எவரும் எடுப்பதில்லை. 'டேக் பார்ட்' என்றால் பங்குகொள்ளுதல். 'டேக் ஹார்ட்' என்றால் ஊக்கம் கொள்ளுதல்; நடுவில் 'டு' என்னும் சிறுசொல் புகுந்து 'டேக் டு ஹார்ட்' என்றானால், ஒன்றை மனத்தில் ஆழமாகக் கொள்ளுதல், அதனால் வருந்துதல் என்று பொருள் திரியும். 'டேக் டு ஒன்ஸ் ஹீல்ஸ்' என்றால் ஓட்டம் பிடித்தல். நாம் 'பின்னங்கால் பிடரியில் அடிபட ஓடினான்' என்கிறோம். இரு மொழியும் குதிகாலையே நினைத்தன போலும்! சொல்லாமற் கொள்ளாமல் கிளம்பிப் போதலை ஆங்கிலேயர் 'டேக் பிரெஞ்ச் லீவ்' என்பர். அதாவது, பிரெஞ்சுக்காரர் முறையில் விடைபெறுதல். பிரெஞ்சுக்காரரோ அதே செயலை ஆங்கிலேயர் முறையில் நழுவுதல் என்பர். அண்டை வீட்டார் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்ளும் வழக்கம் மொழிகளுக்கும் உண்டு.

சிறு வினைகளின் ஆற்றலை முழுதும் நம்பி ஒரு முயற்சியே நடந்தது. சி. கே. ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர், 1930-இல் 850 சொற்களால் இயன்ற 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் எளிய ஆங்கிலத்தை வகுத்தார். அதில் அவர் கொண்ட வினைகள் 18 மட்டுமே. 'டேக்' அவற்றுள் ஒன்று. பதினெட்டு வினைகளை இடைச்சொற்களோடும் பெயர்களோடும் கூட்டினால், ஆயிரக்கணக்கான பிற வினைகள் வேண்டா என்பது அவர் எண்ணம். சொற்பட்டியல் குறுகியது உண்மை. ஆயின், கற்பவர் சுமை அந்த அளவிற்குக் குறையவில்லை. கைவிட்ட வினைகளின் பொருள்களெல்லாம் இக்கூட்டுவினைகளின் தோள்மீதே ஏறின. எனவே, சொற்களின் எண்ணிக்கை ஒன்று; அவற்றைக் கற்கும் அருமை வேறொன்று. 'ஆயிரம் சொல் கற்றேன்' என்பவர், அவை எவ்வெவற்றோடு கூடும் என்று அறியாராயின், கற்றது பாதியே.

இதனை நன்குணர்ந்து செயலாற்றியவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், துணைவர் இருவரோடு சேர்ந்து, அயல்மொழி மாணவருக்கென்றே அகராதி ஒன்று தொகுத்தார். அது 1942-இல் தோக்கியோவில் அச்சாயிற்று. 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை மீண்டும் வெளியிட்டது. ஒரு சொல்லின் பொருள் யாது என்பதோடு, அச்சொல் வாக்கியத்தில் எவ்வாறு நிற்கும் என்பதையும் அது காட்டிற்று. அம்மரபில் வந்த மாணவர் அகராதிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. அருஞ்சொற்களுக்காக அவற்றைப் புரட்டும் நம் மாணவர், 'டேக்' போன்ற எளிய சொல்லின் பக்கத்தையும் ஒருநாள் பொறுமையாகப் படித்துப் பார்ப்பாராக. அங்கே ஒரு புதிய உலகம் விரியும்.

அவ்வாறாயின், கற்கும் முறை யாது? முதலாவது, ஐம்பது தொடர்களை வரிசையாக எழுதி ஒரே நாளில் நெட்டுருச் செய்தல் வேண்டா. ஒன்றோடொன்று முகம் ஒத்த தொடர்கள் மனத்தில் குழம்பும். நாளுக்கு ஒன்றிரண்டே போதும். இரண்டாவது, தொடரைத் தனியே எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதுக. யார், யாரிடம், எதைப்பற்றிச் சொன்னார் என்பது அதனோடு இருத்தல் வேண்டும். மூன்றாவது, இடைச்சொல்லின் காட்சியை நினைக்க. பொருள் காட்சியோடு இயைந்தால் நன்று. இயையாவிடின், வலிந்து விளக்கம் தேடாது அப்படியே ஏற்க. நான்காவது, 'இட்' என்னும் சொல்லை இட்டுப் பார்த்து, பிரிவதா பிரியாததா என்று அறிக. ஐந்தாவது, இடமறிந்து வழங்குக. பேச்சிலும் நண்பர் கடிதத்திலும் கூட்டுவினை இயல்பாக அமையும். அலுவலக அறிக்கையிலும் ஆராய்ச்சிக் கட்டுரையிலும் அதே பொருள் தரும் இலத்தீன வழிச் சொல் சில இடங்களில் ஏற்புடையதாகும்.

ஆறாவதாகச் சொல்லவேண்டியது நம் தமிழைப் பற்றியது. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஆங்கிலமும் விளங்காது; தமிழும் பழுதுறும். 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' என்பதை 'இரண்டு மணி நேரம் எடுக்கும்' என்று எழுதுவோர் இன்று பலர். 'இரண்டு மணி நேரம் ஆகும்' என்றோ, 'பிடிக்கும்' என்றோ, 'செல்லும்' என்றோ சொல்வது தமிழ் மரபு. 'குளியல் எடுத்தான்' என்பதினும் 'குளித்தான்' என்பது சுருக்கம், இனிமையும் உடையது. பிறமொழி கற்றல் நம் வீட்டிற்கு மற்றொரு பலகணி அமைத்தல் போன்றது. பலகணி திறக்கும்போது சுவரை இடித்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. 'டேக்' வருமிடமெல்லாம் 'எடு' என்று எழுதாமல், 'தமிழர் இதனை எவ்வாறு சொல்வர்?' என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்பவர், இரு மொழியையும் ஒருங்கே கற்றவராவார்.

அன்பர்களே, மொழியின் கடுமை எப்போதும் பெரிய சொற்களிலேயே தங்கியிருப்பதில்லை. பலகாலும் பலர் வாயிலும் புழங்கிப் புழங்கித் தேய்ந்த சிறு சொற்களிலேதான் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்க்கை படிந்திருக்கிறது. அச்சொற்கள் நமக்கு உடனே விளங்காமை இழுக்கன்று. அவற்றின் பழக்கம் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பதே அதன் பொருள். பழக்கம் முயன்றால் வரும். ஆங்கிலம் கற்க விழையும் இளைஞர், நாளை ஒரு பக்கம் ஆங்கிலம் படிக்கும்போது, அதில் 'டேக்' எத்தனை முறை வருகிறது, அதன் பின்னே எந்த இடைச்சொல் நிற்கிறது என்று மட்டும் கோடிட்டுப் பார்க்கட்டும். ஒரு திங்கள் இவ்வாறு செய்தால், அந்தப் பெருங்குடும்பத்தில் பாதிப்பேரோடு அறிமுகம் உண்டாகிவிடும். எஞ்சியோரை அவர்களே அழைத்து வருவர்.